உடன்பாடும் வினையே

திட்டக்குடியில் நம் இல்லத் திண்ணையில் திங்களுக்கு ஒருமுறை சிறு சுவாத்தியாயக் கூட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. இவ்வூரில் நம்மவர் இல்லங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கனவே. விருத்தாசலத்திலிருந்து பேருந்தேறி வருவோரையும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் அமர்வர். சென்ற கூட்டத்தில் அஹிம்சாணுவிரதம் பற்றிய பாடம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அப்போது அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார்.

"டீச்சர், இல்லறத்தார்க்கு ஸங்கல்ப ஹிம்சை மட்டுமே விலக்கப்பட்டது, தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சையை முற்றும் விட இயலாது என்கிறீர்கள். எனக்கு மேலிடத்திலிருந்து ஆணை வருகிறது. நான் கோப்பு எழுதி அனுப்புகிறேன். அதனால் எவருக்கேனும் கேடு விளைந்தால், அதுவும் உத்யோக ஹிம்சைதானே?"

மூத்தோர் சிலர் தலையசைத்தனர். நமக்கோ உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இப்பாடம்.

நூல் கூறுவதை முதலில் நினைவு கொள்வோம். ஹிம்சை நால்வகைப்படும். அடுப்பு மூட்டலும் வீடு பெருக்கலும் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவிலும் வாணிகத்திலும் கைத்தொழிலிலும் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்குமிடத்து நேர்வது விரோத ஹிம்சை. கொல்வேன் எனக் கருதிச் செய்வது ஸங்கல்ப ஹிம்சை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் தீ மூட்டுவோன், அத்தீயில் வீழும் சிற்றுயிர்களைக் கருதி மூட்டுவதில்லை. கிண்ணத்தையும் பொம்மையையும் கருதியே மூட்டுகிறான். அவன் செயல் உத்யோகத்தின்பாற் படும். இதுவரை இளைஞர் கூறியது சரியே.

ஆயினும் ஸமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் முதல் அணுவிரதத்திற்கு இலக்கணம் வகுக்குங்கால், தானே செய்யாமையோடு நிறுத்தினாரல்லர். செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும், மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் விலக்க வேண்டும் என்றார். கிருதம், காரிதம், அனுமோதனம் என நம் பிள்ளைகள் ஒப்பிப்பது இதனையே. உமாஸ்வாமி ஆசாரியரின் தத்வார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் இதனை மேலும் விரிக்கிறது. ஒரு செயலைத் துணிதல் ஸம்ரம்பம். அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல் ஸமாரம்பம். செயலில் இறங்குதல் ஆரம்பம். (மேலே கூறிய ஆரம்ப ஹிம்சை வேறு, இது வேறு, மயங்கற்க.) இம்மூன்றை மனமொழி மெய் மூன்றாலும், செய்தல் முதலிய மூன்றாலும், கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயம் நான்காலும் பெருக்கினால் 108 வரும். ஜபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு இதனையே காரணமாகக் கூறுவர்.

இக்கணக்கில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒன்று, கருவி திரட்டுவோனும் வினைக்கு உரியவன். மற்றொன்று, வினைக்கு வேராகும் கஷாயம் கோபம் ஒன்று மட்டுமன்று. கொலை என்றால் சினந்த முகமும் ஓங்கிய கையுமே நம் கண்முன் வருகின்றன. சினமே இல்லாமல், மேசை முன் அமர்ந்து, நல்ல கையெழுத்தில் ஒருவன் கொலைக்கு உடன்படக்கூடும் என்பது எளிதில் விளங்குவதில்லை. நமக்கும் அது நூலால் விளங்கவில்லை. ஒரு மாணவனால் விளங்கிற்று.

1984 ஜூன் மாதம் நம் நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் சேர்ந்தான். கொழும்பை அடுத்த தெகிவளையில் வாழ்ந்து, உடுத்த துணியோடு வெளியேறி, உறவினரை நாடி இங்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பம் அது. நாம் வருகைப் பதிவேட்டை எடுத்தால், "இடாப்பு கூப்பிடப் போறீங்களா டீச்சர்?" என்பான். இலங்கைத் தமிழில் பதிவேட்டிற்கு இடாப்பு என்று பெயர். வகுப்பு சிரிக்கும், அவனும் சிரிப்பான். ஒருநாள் அவன் தாயார் இடுப்பில் பெண் குழந்தையோடு பள்ளிக்கு வந்திருந்தார். பேச்சினிடையே இச்சொல் வரவும் அவர் முகம் மாறிற்று. தம் வீட்டு வாயிலுக்கு வந்தவர்கள் கையில் தாள்கள் வைத்திருந்தனர் என்றும், வீட்டு எண்ணைப் பார்த்து, தாளைப் பார்த்து, தம் கணவர் பெயரைப் பிழையின்றி வாசித்தனர் என்றும் கூறினார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் மதிலுக்கு மேலாகக் குழந்தைகளை வாங்கித் தம் அறையில் ஒளித்து வைத்தமையால் உயிர் தப்பினராம்.

அந்நாட்களின் வரலாறு இன்று பலவாறு பதிவாகியுள்ளது. 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் மாண்டனர். மறுநாள் மாலை அவ்வுடல்களைக் கொழும்பு பொரளையிலுள்ள கனத்தை மயானத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடாயிற்று. அங்குத் திரண்ட கூட்டம் அன்றிரவே தமிழர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீயிடத் தொடங்கியது. 25ஆம் நாள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை எங்கும் தீ பரவிற்று. ஊரடங்கு ஆணை அன்று பிற்பகல் வரை பிறக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனா வானொலி, தொலைக்காட்சி வாயிலாக நாட்டு மக்களிடம் பேசியது 28ஆம் நாள். அவ்வுரையில் பாதிக்கப்பட்ட தமிழர்க்கு ஓர் ஆறுதற் சொல்லும் இல்லை. மாண்டோர் நானூறுக்கும் குறைவு என அரசு கூறிற்று. பிற மதிப்பீடுகள் மூவாயிரம் வரை செல்கின்றன.

அந்தக் கும்பல்கள் கையில் வைத்திருந்தது வாக்காளர் இடாப்பு. அதனை எழுதுவோர் யார்? இலங்கையில் கிராம சேவகர் என்னும் அலுவலர் வீடுவீடாகச் சென்று படிவம் கொடுத்து வாங்கி வாக்காளர் விவரம் திரட்டுவார். நம் ஊரில் பழைய கர்ணமும் மணியக்காரரும் இருந்தாற்போல் அங்கு விதானையார் இருந்தார். 1963இல் அவ்விடத்திற்குக் கிராம சேவகர் வந்தார். இடாப்பில் இனத்திற்கெனத் தனிக் கட்டம் வேண்டியதில்லை. பெயரே போதும், பெயரைப் பார்த்தால் தமிழர் என்று தெரியும். அதனால்தான் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் நடுவீடு மட்டும் எரிந்தது. வீடு சிங்களவருடையது, குடியிருப்பவர் தமிழர் என்றால், வீட்டை விட்டுவிட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களைத் தெருவில் குவித்து எரித்ததும் உண்டு. உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்பது வரை அறிந்திருந்தனர். சினங்கொண்ட கூட்டம் ஓரிரவில் தானே கண்டறியக்கூடிய செய்தியா இது? எவரோ ஒருவர் அலமாரியைத் திறந்திருக்க வேண்டும். எவரோ ஒருவர் படியெடுத்துத் தந்திருக்க வேண்டும். கும்பல்களை ஏற்றிச் செல்ல அரசு வாகனங்களும் ஓடின. அவற்றிற்கும் ஓட்டுநர் உண்டு, எரிபொருள் கணக்கு எழுதுவோர் உண்டு.

வெலிக்கடைச் சிறை இதனினும் கொடிது. ஜூலை 25ஆம் நாள் 35 தமிழ்க் கைதிகளும், ஒருநாள் இடைவிட்டு 27ஆம் நாள் 18 பேருமாக 53 பேர் அச்சிறைக்குள் கொல்லப்பட்டனர். கொன்றோர் பிற கைதிகள். ஆனால் சிறை என்பது பூட்டுகளால் ஆனது. பூட்டுக்குச் சாவி உண்டு. சாவிக்குப் பொறுப்பாளர் உண்டு. காவலர் சிலர் தடுக்க முயன்றனர் என்பதும் பதிவாகியுள்ளது. அதனை மறைத்தல் தகாது. முதல் நாள் நிகழ்ந்ததை அறிந்த பின்னும் இரண்டாம் முறை நிகழ இடம் கொடுத்ததை எக்கணக்கில் எழுதுவது? மரண விசாரணை நடந்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை. 2001இல் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2004 ஜூலை 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்க நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அப்போது அந்தச் சிறுவனுக்கு முப்பது வயதிருக்கும்.

இது இலங்கைக்கே உரிய குறை என்று நம் நாட்டார் ஆறுதல் கொள்ள வழியில்லை. 1984 நவம்பர் முதல் வாரத்தில் தில்லியில் சீக்கியர் வேட்டையாடப்பட்டபோதும் வாக்காளர் பட்டியலும், பங்கீட்டுக் கடைப் பட்டியலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவும் கும்பல்களின் கைகளில் இருந்ததாகச் சான்றுரைகள் கூறுகின்றன. தில்லியில் மட்டும் மாண்டோர் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. பள்ளிப் பதிவேடு என்னும் சொல்லைப் படித்தபோது நம் கை நடுங்கியது. காரணம் பின்னே வரும்.

உலகச் சட்டமும் இவ்வகையில் நம் ஆசாரியர்களின் வழியில்தான் நிற்கிறது. 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, இனப்படுகொலை புரிதலோடு, அதற்குச் சதி செய்தல், வெளிப்படையாகத் தூண்டுதல், முயலுதல், உடந்தையாதல் ஆகியவற்றையும் தண்டனைக்குரியனவாக்குகிறது. நான்காம் பிரிவு, ஆட்சியாளராயினும் அரசு அலுவலராயினும் தனி மனிதராயினும் விலக்கில்லை என்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்பதைச் சட்ட மொழியில் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறே அமையும். 1983இல் நடந்தது அச்சட்டத்தின்படி இனப்படுகொலையே என்போரும், அன்று என்போரும் உளர். அவ்வழக்கை இங்கு நாம் தீர்க்கப் புகவில்லை. பெயர் எதுவாயினும் அலமாரியைத் திறந்தவனின் வினை மாறுவதில்லை.

இனி நம் கதை. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குத் திட்டக்குடியில் சில தெருக்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆசிரியர்களே அப்பணிக்கு அழைக்கப்படுவர் என்பதை அறிவீர்கள். முந்தைய ஆண்டு வீட்டுப்பட்டியல் எடுக்கையில் ஒவ்வொரு வீட்டு நிலையிலும் எண் எழுதியிருந்தோம். அவ்வெண்ணைப் பார்த்து வீடு வீடாகச் சென்றோம். நிலையில் எழுதினால் வெள்ளையடித்த சுவர் கெடும் என்று சண்டையிட்ட பாட்டி ஒருவர் நினைவிற்கு வருகிறார். நம் சமூகத்தார் வீட்டில், கேளாமலே "இந்து" என எழுதிவிடாமல் "ஜைனர்" என்று எழுதுவதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கணக்கெடுப்புச் சட்டப்படி அப்படிவங்களைப் பிறர் பார்வையிட உரிமையில்லை என்று பயிற்சி வகுப்பில் கூறினர். அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். எழுதியதோடு சரி.

பத்தாண்டு கழிந்தது. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழரை நோக்கிய பார்வை மாறிற்று. முகாமுக்கு வெளியே வாழ்ந்தோர் காவல் நிலையங்களில் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர். ஜூலையில் ஒருநாள் இடைவேளையின்போது ஒருவர் பள்ளிக்கு வந்து, சிலோன் பிள்ளைகளின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி வேண்டும் என்றார். எந்த அலுவலகம் என்று அவர் வாயால் கூறியதோடு சரி. ஆணை எதுவும் காட்டவில்லை. தலைமையாசிரியர் விடுப்பிலிருந்தார். நாம் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, கோடிட்ட தாளில் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதி, அடியில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்கவில்லை. கையெழுத்து அழகாயிருக்கிறது என்று அவர் பாராட்டினார். நமக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. ஐவருள் ஒருத்தி, அன்று தாய் இடுப்பிலிருந்த குழந்தை. அப்போது ஐந்தாம் வகுப்பு.

மறுவாரம் அவள் வரவில்லை. அவர்கள் வீட்டிற்கு இரவில் ஆட்கள் வந்து கேள்வி கேட்டதாகவும், வீட்டுக்காரர் அஞ்சிக் காலி செய்யச் சொன்னதாகவும் தெருவில் பேசிக்கொண்டனர். அந்தத் தாயார் ஊரைவிட்டுப் போகுமுன் ஒருமுறை பள்ளி வாயிலில் நின்றார். சினக்கவில்லை. "நீங்களே எழுதிக் குடுத்தனீங்கள், டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நாம் அரசு ஊழியர், கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே என்று ஏதோ கூறினோம். மாதக் கடைசியில் பதிவேட்டில் அப்பெண் பெயருக்கு நேரே, தொடர்ந்து வாராமையால் நீக்கப்பட்டது எனச் சிவப்பு மையால் எழுதினோம். அதனையும் அழகாகவே எழுதினோம்.

இதனை வெலிக்கடையோடு ஒப்பிடுதல் தகாது என்பதை அறிவோம். எவரும் இறக்கவில்லை. அச்சமயத்தில் அரசு விவரம் கேட்டதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் தெகிவளையில் தாள் பிடித்து நின்றவர்களைப் பற்றி அத்தாயின் வாயாலேயே கேட்டிருந்த நாம், அதே குடும்பத்தின் பெயரை, எவர் என்று அறியாத ஒருவர் கையில் எழுதிக் கொடுத்தோம். அப்போது நமக்குக் கோபம் இல்லை. இருந்தது மானம், கையெழுத்துப் பற்றிய செருக்கு. சிறிது அச்சமும் இருந்தது. அதுவும் நோகஷாயம் ஒன்பதனுள் ஒன்றாக எண்ணப்பட்டதே.

இச்செருக்கு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஹாலந்து நாட்டு அலுவலர் ஒருவரைக் கூறலாம். யாக்கோபுஸ் லென்ட்ஸ் என்பவர் அந்நாட்டு மக்கட் பதிவேட்டுத் துறையின் தலைவர். யூதரை வெறுத்தவர் என்பதைவிடப் பதிவேடுகளை நேசித்தவர் என்பதே பொருந்தும். எவராலும் போலி செய்ய இயலாத அடையாள அட்டையை வகுத்தார். அவர் நாட்டு அரசு அதனை வேண்டாம் என்றது. 1940இல் நாட்டைப் பிடித்த ஜெர்மானியர் விரும்பி ஏற்றனர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வட்டையின் நேர்த்தி மறைந்து வாழ முயன்றோர்க்கு எமனாயிற்று.

ஆசிரியராகிய நம்மை இதனினும் வருத்துவது ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் நடந்தது. அங்கு 1994 ஏப்ரல் முதல் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் துட்சி இனத்தார். பெல்ஜியர் ஆட்சிக் காலத்தில் 1930களில் வந்த அடையாள அட்டையில் இனப் பெயர் எழுதும் வழக்கம் இருந்தது; அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கொன்றனர். அந்நாட்டில் டாபா என்னும் வட்டாரத்தின் தலைவர் ஜான் பால் அக்காயேசு. முன்னாள் பள்ளி ஆசிரியர், பின்னர்ப் பள்ளி ஆய்வாளர், மக்கள் மதித்த மனிதர். முதற் சில நாட்கள் அவர் தம் வட்டாரத்தில் கொலையைத் தடுக்கவே செய்தார். ஏப்ரல் 18ஆம் நாள் மேலிடத்தார் உள்ளூர்த் தலைவர்களைக் கூட்டிப் பேசினர். அக்கூட்டத்திலிருந்து திரும்பியவர் வேறு மனிதரானார். அவருடைய அலுவலக வாயிலருகே கொலைகள் நடந்தன. மாண்டோருள் ஆசிரியரும் இருந்தனர். 1998 செப்டம்பர் 2ஆம் நாள் அருஷா நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்த்தது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று அக்குற்றத்திற்காக விதித்த முதல் தீர்ப்பு ஓர் ஆசிரியர் மீதானது.

அதே வாரத்தில் அதே நாட்டில் புட்டாரே மாநிலத்தின் ஆட்சியர் ஜான் பாப்டிஸ்ட் ஹப்யாலிமானா என்பவர் இணங்க மறுத்தார். பிற மாநிலங்கள் எரிந்துகொண்டிருந்தபோது புட்டாரேயின் பெரும்பகுதி அவரால் அமைதி காத்தது. அவரைப் பதவி நீக்கினர். அதன் பின்னரே அங்குப் பெருங்கொலை தொடங்கியது. அவரும் பின்னர்க் கொல்லப்பட்டார். மறுத்தவரை நீக்கினாலன்றி அச்செயலை நடத்த முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். அலுவலரின் கை அவ்வளவு இன்றியமையாதது.

ஆகவே இளைஞர்க்கு நாம் கூறிய விடை இது. சூளைக்காரன் கிண்ணத்தைக் கருதுகிறான். உயிர்கள் இடையே மாள்கின்றன. அது உத்யோகம். ஒரு தாளின் பயனே இன்னார்க்குக் கேடு செய்வது என்று அறிந்தோ, அறிய வாய்ப்பிருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ எழுதினால், அது ஸமாரம்பம், கருவி திரட்டல். அதற்கு உத்யோகம் என்னும் போர்வை போதாது. பட்டியலே தீது என்பதன்று. 2014இல் மத்திய அரசு நம் சமூகத்தைச் சிறுபான்மையினராக அறிவித்த பின், உதவித்தொகைக்குப் பெயர் எழுதக் கூச்சலிட்டவர்கள் நாமே. கணக்கெடுப்பில் நம் பெயர் விடுபட்டால் வருந்துபவர்களும் நாமே. எழுதும்போது கேட்க வேண்டியது ஒன்றுண்டு: எதற்காக, எவர் ஆணையால். வாய்மொழியாக வந்தால் எழுத்தில் தருமாறு கேட்கலாம். பாதிக் கேடுகள் அவ்விடத்திலேயே நின்றுவிடும். தீய ஆணையில் கையொப்பமிட எவரும் விரும்பார்.

இளைஞர் நெடுநேரம் ஒன்றும் கூறாதிருந்தார். பின்னர், "எழுத்திலேயே, முத்திரையோடு, கையொப்பத்தோடு வந்துவிட்டால், டீச்சர்?" என்றார். வெளியே விருத்தாசலம் செல்லும் கடைசிப் பேருந்திற்கு நேரமாகிவிட்டதால் பலரும் எழுந்தனர். அவ்வினாவை அடுத்த கூட்டத்திற்கென வைத்துள்ளோம். இவ்விதழைப் படிக்கும் அன்பர்களும், குறிப்பாக அரசுப் பணியில் இருப்போரும், தம் விடையை எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம்.